நல்ல செய்தி: மழை இல்லை

எங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் மாலைச் செய்திக்கு நடுவே ஒருவர் வந்து வானிலை சொல்வார். கோட்டுப் போட்டு, டை கட்டி, பல் தெரியச் சிரிக்கிற மனிதர். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வரைபடம். இடது ஓரத்தில் நீலமாகக் கடல், அதை ஒட்டி ஒரு மலைத்தொடர், மலைக்கு இந்தப் பக்கம் நீளவாட்டில் ஒரு பள்ளத்தாக்கு. கலிபோர்னியாவில் நாங்கள் குடியிருப்பது அந்தப் பள்ளத்தாக்கில்தான். வந்து சேர்ந்த முதல் செப்டம்பரில், அமெரிக்க ஆங்கிலம் காதில் இன்னும் சரியாக இறங்காத நாட்களில், அவர் குச்சியால் படத்தைத் தொட்டுச் சொன்னார்: "கடற்கரையில் காலையில் மூடுபனி, பிறகு இதமான குளிர். உள் பள்ளத்தாக்குகளில் சுள்ளென்ற வெயில். நல்ல செய்தி என்னவென்றால், இந்த வாரம் முழுவதும் மழை இல்லை." நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். மழை இல்லை என்பதை ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே, ஏதோ வீட்டில் கல்யாணம் என்பதுபோலச் சொல்வதை என் முப்பத்து நான்கு வயதில் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் மேலூர்ப் பக்கம் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

நான் இங்கே வந்தது என் மனைவி கஸ்தூரியின் பின்னால். அவள் சோழவந்தான்காரி, நர்ஸ். எழுபதுகளின் பிற்பகுதியில் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுத்தபோது எழுதிப் போட்டாள், கிடைத்தது. அரசாங்க வேலையை விட்டுவிட்டு மனைவியோடு வெளிநாடு போகிறவன் என்று ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவள் சம்பளத்துக்கு ஏற்றபடி ஊரின் ஓரத்தில், திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஒரு சின்ன வீடு. அவள் வேலைக்குப் போனபிறகு எனக்கு வேலை, வானத்தைப் பார்ப்பதுதான். மேகமே இல்லாத அந்த வானத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு அது புதிராக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடன் வேலை செய்பவர்கள் காரில் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். மலையைத் தாண்ட இரண்டு மணி நேரம். இந்தப் பக்கம் சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில். அந்தப் பக்கம் கம்பளிச் சட்டை இல்லாமல் நிற்க முடியவில்லை. ஒரே நாள், ஒரே மாகாணம், இரண்டு பருவம். ராமேஸ்வரத்துக்கும் மதுரைக்கும் நடுவில் இப்படி ஒரு மலை இருந்திருந்தால் நம் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வானிலை அறிக்கை எனக்குப் புதிதல்ல. மேலூர்ப் பக்கத்து டீக்கடைகளில் ஐப்பசி மாதம் வானொலியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். "கடலோர மாவட்டங்களில் பரவலாகவும், உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களிலும் மழை பெய்யலாம்" என்று அது சொல்லும். நாங்கள் உள் மாவட்டம். எங்களுக்கு எப்போதும் ஓரிரு இடம்தான். "அந்த ஓரிரு இடம் எங்கனப்பா இருக்கு? கண்டுபிடிச்சு அதுல ஒரு ஏக்கரு வாங்கிப் போடணும்" என்று என் அண்ணன் பெரியகருப்பன் சொல்வார், கடையே சிரிக்கும். அவருக்கு எங்கள் ஊர்க் கண்மாயின் கடைமடையில் வயல். கால்வாய்த் தண்ணீர் அந்தக் கோடிக்கு வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் வயலில் கதிர் வாங்கிவிடும். ஆகவே அவருக்கு வானம்தான் கால்வாய்.

நான் அந்த வட்டாரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. எது என்று சொல்லப் போவதில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். கோப்புகளோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அலுவலக வளாகத்தில், கம்பி வேலிக்குள், தரையில் பதித்த ஒரு மழைமானி உண்டு. மேலே புனல், உள்ளே ஜாடி, அளந்து பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய். தினமும் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, முந்தைய நாள் பெய்த மழையை அளந்து பதிவேட்டில் எழுதித் தந்தி கொடுக்க வேண்டும். ஜனங்கள் அதை மழை டப்பா என்பார்கள். சம்சாரிகள், எங்கள் பக்கத்து விவசாயிகள், மழையை உழவால் அளப்பவர்கள். ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நான் மில்லிமீட்டர் சொன்னால், "அது கெடக்கட்டும்ணே, ஏரு எறங்குமா எறங்காதா?" என்று கேட்பார்கள்.

ஒரு வருஷம் புரட்டாசி முழுவதும் காய்ந்தது. ஐப்பசியும் பிறந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் எங்கிருந்தோ ஒற்றை மேகம் வந்து, நான் வேலை பார்த்த ஊரின் மேல் மட்டும் நின்று, ஒரே பாட்டமாகக் கொட்டிவிட்டுப் போனது. மறுநாள் காலையில் ஜாடி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. சந்தோஷமாக எழுதினேன். தந்தியும் போனது. பத்து மணி வாக்கில் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் அங்கிருந்து நாலு மைல் கிழக்கே.

"நேத்துச் சாயங்காலம் இங்கிட்டு மழையாம்ல தம்பி. எம்புட்டு?" என்றார்.

சொன்னேன்.

"நம்மூர்ல ஒரு பொட்டு விழுகல. கம்மாக்கரையில நின்னு இந்தப் பக்கம் மின்னுறதத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். எழுதிப்பிட்டியா?"

"எழுதிட்டேண்ணே. தந்தியும் குடுத்தாச்சு."

அவர் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டே நின்றார். "அங்கிட்டுப் பேயலன்னு அதுலயே ஒரு வரி சேத்துவிட முடியாதா?"

"டப்பாவுல இருக்கறதத்தாண்ணே எழுத முடியும்."

"அதுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதக் கடைசியில் வறட்சி பாதித்த கிராமங்களின் பட்டியல் வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் அதில் இல்லை. அந்த ஒரு டப்பாவை வைத்துச் சுற்று வட்டாரம் முழுவதும் மழை திருப்தி என்று கணக்கில் இருந்ததுதான் காரணம். வரித் தள்ளுபடியும் இல்லை, விதை நெல் உதவியும் இல்லை. தை பிறப்பதற்குள் அண்ணன் தன் உழவு மாடுகள் இரண்டையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதில் ஒன்று அவர் கையால் கன்றிலிருந்து வளர்த்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்போம். மழையைப் பற்றி என்னிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார், கஸ்தூரியை விசாரிப்பார், தெற்குத் தெருவில் யார் யாரோடு சண்டை என்பதைச் சொல்வார். எங்கள் பக்கம் இரண்டு பேர் சந்தித்தால் வாயிலிருந்து முதலில் வருவது மழைதான். அது இல்லாமல் அண்ணன் என்னோடு பேசப் பழகிக்கொண்டார். அமெரிக்கா வந்தபிறகும் அப்படியே. நீல நிற விமானத் தபாலில் பக்கம் நிறைய எழுதுவார். மழை என்ற சொல் இருக்காது. நானே துப்புப் பிடிப்பேன். 'மதினி நாற்றுப் பறிக்கப் போயிருக்கிறாள்' என்றால் பெய்திருக்கிறது. 'நான் மதுரையில் கட்டட வேலைக்குப் போய்வருகிறேன்' என்றால் பெய்யவில்லை. கடிதம் வந்துசேர இரண்டு வாரம் ஆகும். நான் படித்துக் கவலைப்படுகிற நேரத்தில் அங்கே வெள்ளமே போய்க்கொண்டிருக்கலாம்.

இந்த லட்சணத்தில்தான் அந்த முதல் செப்டம்பரின் கடைசியில் ஒருநாள், பள்ளத்தாக்கின் தெற்கே ஒரு மேகம் தென்பட்டது. மாதக்கணக்காகக் காணாத மேகம். மனசு தாங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார். வார்த்தான் என்று பெயர். அவருடைய அப்பா ஆர்மீனியா தேசத்திலிருந்து பிழைக்க வந்தவராம். எழுபதை நெருங்கும் வயது, கருத்த புருவம், எந்நேரமும் தலையில் ஒரு பழைய வைக்கோல் தொப்பி. நான் வேலியண்டை ஓடி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சார், நல்ல செய்தி! மழை வரப்போகிறது!" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் சட்டை போக வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா?" என்று கேட்டார்.

அவர் வீட்டுக் கொடியில் இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "கவலைப்படாதீர்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று வேலியைத் தாண்டிப் போய்ச் சட்டைகளை உருவிக் கையில் கொடுத்தேன். அவர் அந்த ஈரச் சட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பி கழன்று விழும்படி சிரித்தார். அன்று மாலை வேலை முடிந்து வந்த கஸ்தூரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, சட்டை போறதுன்னா இங்க கையில இருக்கறதெல்லாம் போயி போண்டியாகிறதுங்க. ஆஸ்பத்திரியில தெனம் கேக்குறேன். அந்தாளு தோட்டத்துல என்னா கெடக்குன்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களா?"

மறுநாள் போய்ப் பார்த்தேன். திராட்சைக் கொடி வரிசைகளுக்கு நடுவே, மண்ணில், கண்ணுக்கெட்டிய தூரம் காகிதத் தாள்களை விரித்து அவற்றின் மேல் திராட்சைக் குலைகளைப் பரப்பியிருந்தார்கள். உலர்ந்த திராட்சை ஆகிறது. மூன்று வாரம் வெயிலிலேயே கிடக்க வேண்டும். நடுவில் நல்ல மழை ஒன்று பெய்தால் பழம் பூசணம் பிடித்து, ஒரு வருஷப் பாடு மண்ணோடு போகும். தொலைக்காட்சிக்காரர் சிரிப்பதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது. களத்தில் நெல் கிடக்கும்போது தை மாதத்தில் மழை வந்தால் எங்கள் ஊரிலும் வானத்தை ஏசத்தானே செய்வோம்? மழை நல்லது என்பது பொதுவான உண்மை இல்லை. எந்த மாதம், யார் களம் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். என் மேகம் அன்று எதுவும் செய்யாமல் கரைந்து போயிற்று. வார்த்தான் மட்டும் என்னை மறக்கவில்லை. மழை அளக்கிற உத்தியோகம் பார்த்தவன் என்று தெரிந்ததும், "அரசாங்கத்து ஆள்" என்று கூப்பிட ஆரம்பித்தார். நானும் தினமும் போய்க் குலைகளைப் புரட்டிப் போட உதவினேன்.

ஒரு வாரம் கழித்து ஒருநாள் காலையில் காற்று மாறியது. தெற்கேயிருந்து, குளுகுளுவென்று. முந்தின நாள் மாலையில் தொலைக்காட்சியின் அந்தச் சிரித்த முகக்காரர், கடற்கரையில் சாரல் இருக்கலாம், உள் பள்ளத்தாக்குகளுக்கு வெறும் மேகமூட்டம்தான் என்று சொல்லியிருந்தார். நான் உற்சாகமாக வார்த்தானிடம், "எங்கள் மொழியில் இந்தக் காற்றுக்குத் தனிப் பெயர் உண்டு. தென்றல். உடம்புக்கு நல்லது" என்றேன். அவர் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார். "உன் மொழியில் நல்லதாக இருக்கட்டும். இங்கே தெற்குக் காற்று திருடனுக்கு முன்னால் வருகிற நாய்" என்றார். எங்களுக்கு வாடையோடு வருகிற மழை அவர்களுக்குத் தெற்கிலிருந்து வருகிறது. இந்த ஊர் வாடையோ எலும்பு காய்கிற மாதிரி வறண்ட காற்று. எனக்குத் தெரிந்த திசையெல்லாம் இங்கே தலைகீழ் என்பதை அந்தக் காலையில் தெரிந்துகொண்டேன்.

உடனே அவர் தோட்டத்து ஆட்கள் நாலு பேரையும் என்னையும் கூப்பிட்டு, தாள்களைச் சுருட்டச் சொன்னார். பழத்தோடு சேர்த்துப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, இரண்டு முனைகளையும் உள்ளே மடித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் சின்ன மழையைத் தாங்கும். கஸ்தூரி அன்று விடுமுறை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் வந்துவிட்டாள். வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பெண். குனிந்து செய்கிற வேலை அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். முதுகு நிமிராமல் மதியம்வரை சுருட்டினோம். மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்தபோது பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. "விடுங்கள், வீட்டுக்குப் போங்கள்" என்று வார்த்தான் கத்தினார். யாரும் போகவில்லை. நனைந்த தாள் சுருட்டும்போதே கிழிந்தது. பழம் சேற்றில் கொட்டியது. கஸ்தூரி அதைக் கையால் அள்ளி மறுபடி தாளில் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மழை ஓய்ந்ததும் வார்த்தான் டிராக்டர் படியில் உட்கார்ந்தார். வேலித் தூணில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் அறைந்திருந்தது, அவருடைய மழைமானி. "அரசாங்கத்து ஆள், நீதான் படிக்க வேண்டும்" என்றார். படித்தேன். சட்டைப் பையிலிருந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் அப்பா காலத்திலிருந்து எழுதி வருவதாம். "எழுது" என்றார். அளவை எழுதினேன். பக்கத்திலிருந்த டிராக்டர் ரேடியோவில், விமான நிலையத்தில் பதிவான மழை ஒன்றும் பெரிதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைச் சுட்டிக்காட்டிக் கைப்பாகச் சிரித்தார். "கேட்டாயா? நாளைக்கு நிவாரணம் கேட்டு நான் போய் நின்றால், விமான நிலையத்தில் பெய்யவில்லையே என்பார்கள். நான் என்ன, விமான நிலையத்திலா பழம் காயப் போட்டேன்?"

என் கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றுவிட்டது.

"அளவுக்குப் பக்கத்தில் எழுது" என்றார். "இங்கே. இந்தத் தோட்டத்தில். கிழக்கு ஓரத்தில் இன்னும் அதிகம். எழுது."

எழுதினேன். எழுதும்போதுதான் அந்தப் பழைய பதிவேடு கண்முன் வந்தது. தேதி, அளவு, அதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம். அதன் தலைப்பு, 'குறிப்பு'. அந்த வேலையில் இருந்த அத்தனை வருஷமும் நான் அதில் ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை. அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டது அந்த ஒரு வரியைத்தான். கிழக்குப் பக்கத்துக் கிராமங்களில் மழை இல்லை என்று விவசாயிகள் தெரிவிக்கிறார்கள். இவ்வளவுதான் வேண்டியிருந்தது. எழுதியிருந்தால் பட்டியல் மாறியிருக்குமா என்று தெரியாது. ஒருவேளை மாறியிருக்காது. எழுத இடம் இருந்தது, நான்தான் முடியாது என்றேன்.

அந்த வாரமே அண்ணனுக்கு எழுதினேன். வார்த்தானையும் திராட்சையையும் தென்றலையும் எழுதி, கடைசியில் அந்தக் கட்டத்தைப் பற்றியும் எழுதினேன். 'எழுதியிருக்கலாம் அண்ணே. எனக்குத் தோன்றவில்லை. தப்புத்தான்.' ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மதினிக்குக் கால்வலி, சின்ன மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு, தெற்குத் தெருச் சண்டை கோர்ட்டுக்குப் போய்விட்டது. என் கடிதத்தைப் பற்றி ஒன்றுமில்லை. விமானத் தபாலின் ஓர மடிப்பில், ஒட்டுகிற இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: 'அந்தப் பெரியவர் பழம் கடைசியில் என்னாச்சு?' அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. சுருட்டிய பழம் தப்பிவிட்டது, நனைந்தது மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று, பெரியவர் தோட்டத்தை விற்கவில்லை என்று உடனே பதில் போட்டேன். அடுத்த கடிதத்திலிருந்து அண்ணன் முதல் வரியிலேயே மழையை எழுத ஆரம்பித்தார்.

மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். புரட்டாசி நடு. மதுரை பஸ் நிலையத்துக்கே அண்ணன் வந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என் பெட்டியை நான் தடுக்கத் தடுக்கத் தோளில் வைத்துக்கொண்டு, "வா தம்பி. ரெண்டு நாளா இங்கன புழுக்கம் தாங்கல. பேஞ்சிரும்னு நெனைக்கேன்" என்றார். மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, ஒத்தக்கடை தாண்டியதிலிருந்து ஊர்வரை மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எந்த வருஷம் கண்மாய் பெருகியது, எந்த வருஷம் நாற்று கருகியது, எந்தத் தேதியில் இடி இடித்துவிட்டுச் சும்மா போனது என்று நான் இல்லாத வருஷங்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஒப்புவித்தார். 

மறுநாள் சாயங்காலம் வயலுக்குப் போனோம். நாற்றங்கால் மட்டும் பச்சையாக இருந்தது. மற்ற வயல் கட்டி கட்டியாக வெடித்துக் கிடந்தது. புதிய மாடுகள் இரண்டும் வரப்பில் மேய்ந்தன. வடகிழக்கே கறுத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. அண்ணன்தான், "அந்தா வருது பாரு" என்றார். கண்மாய்க்கு அப்பால் பனைமரங்கள் முதலில் மறைந்தன. பிறகு கருவேல மரங்கள். பிறகு சடசடவென்று சத்தம். மண் வாசனை மூக்கில் ஏறுவதற்குள் நனைந்துவிட்டோம். பக்கத்து வயல்காரர் யாரோ தூரத்திலிருந்து அண்ணனைப் பார்த்துக் கூவினார். அண்ணனும் துண்டைச் சுழற்றிப் பதிலுக்குக் கூவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்நேரம் அங்கன என்னா காலம்?"

"பழம் காயிற காலம்ணே. பேப்பர்ல பரத்தியிருப்பாரு. இன்னும் பத்து நாளைக்கு அங்கிட்டு ஒரு பொட்டு விழுகக் கூடாது."

அண்ணன் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு, யாரிடமோ முறையிடுகிற மாதிரி மேலே அண்ணாந்தார். "கேட்டுக்கிட்டியா? அந்தப் பெரியவருக்கு வச்சிருக்கறதையும் சேத்து இங்கனயே கொட்டிட்டுப் போ."

மழை வலுத்தது. வயல் வெடிப்புகளில் தண்ணீர் இறங்குகிற சத்தம் காலடியில் கேட்டது. பெய்யட்டும், இன்னும் பெய்யட்டும் என்று அண்ணனோடு சேர்ந்து நானும் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். என் முதுகு தானாகக் குனிந்திருந்தது. கை விரல்கள் மடங்கி, அந்த வரப்பில் இல்லாத ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தன.